மின்கலத்தின் ஆயுளும் கையடக்கத் தொலைபேசியும்: ஒரு வரலாற்று நோக்கு

அறிவியல் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்புகளையே முதன்மைப்படுத்துவர். ஒரு பொருள் எப்போது, எவராற் கண்டுபிடிக்கப்பட்டது என்பது விரிவாகப் பேசப்படும். அப்பொருளை வாங்கியோர் அதனை எவ்வாறு பேணினர், எத்துணைக் காலம் வைத்திருந்தனர், எக்காரணத்தால் எறிந்தனர் என்பன பேசப்படுவதில்லை. மின்கலத்தின் வரலாறும் இவ்வாறே எழுதப்பட்டு வந்துள்ளது. வோல்ற்றா தொடக்கம் யோஷினோ வரை பெயர்கள் அடுக்கப்படுகின்றன. கலத்திற்கு நீரூற்றியவனும், அதனை வெயிலிற் காயவைத்தவளும் அவ்வரலாற்றில் இடம்பெறுவதில்லை. ஆயினும் கையடக்கத் தொலைபேசியின் மின்கலத்தைப் பேணுவதாற் சுற்றாடலுக்கு விளையும் நன்மை யாது என்னும் வினாவுக்கு விடை தேடுவோர் இவ்விரண்டாவது வரலாற்றையே நாட வேண்டியவராவர். அவ்வாறு நாடுங்கால், அந்நன்மை பொதுவாகக் கருதப்படும் இடத்தில் இல்லை என்பதும் புலனாகும்.

இத்தாலியரான அலெசாந்திரோ வோல்ற்றா, நாகத் தட்டுகளையும் வெள்ளித் தட்டுகளையும் உப்புநீரில் நனைத்த துணியிடையிட்டு அடுக்கித் தாம் பெற்ற மின்னோட்டத்தை இலண்டன் அரச கழகத்திற்கு 1800 மார்ச்சில் எழுதிய மடலில் அறிவித்தார். அவ்வடுக்கு மின் தீர்ந்ததும் பயனற்றுப் போவது. 1859 இற் பிரான்சில் கஸ்தோன் பிளான்ரே ஈயத் தகடுகளை அமிலத்தில் அமிழ்த்தி அமைத்த கலமோ மீண்டும் மின்னேற்றத்தக்கதாக இருந்தது. இவ்விரண்டினின்றும் இரு மரபுகள் கிளைத்தன எனலாம். ஒன்று, தீர்ந்ததும் எறியப்படும் கலம். 1886 இற் செருமனியிற் காப்புரிமை பெற்ற உலர்மின்கலம் இம்மரபினதே. மற்றையது பேணப்படும் கலம். பேணப்படும் கலத்துக்கு ஓர் உடைமையாளனும் அவனது உழைப்பும் தேவை.

இவ்வுழைப்பு எத்தகையது என்பதை இலங்கை வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. மின்சாரம் எட்டாத கிராமங்களில் 1980 களிலும் 1990 களிலும் மோட்டார் வாகன மின்கலத்தைக் கொண்டு தொலைக்காட்சி பார்த்த குடும்பங்கள் ஏராளம். கலம் இறங்கியதும் அதனைத் துவிச்சக்கரவண்டியிற் கட்டிப் பட்டினத்து மின்னேற்றும் கடைக்குக் கொண்டுசெல்வர். வடித்த நீர் ஊற்றுவர். முனைகளிற் பூக்கும் வெண்படிவைச் சுரண்டிக் கிரீசு பூசுவர். முற்றாக இறங்கும்வரை பயன்படுத்தினால் ஈயத் தகடு கெடும் என்பதைப் பள்ளிக்கூடம் போகாதவரும் அறிந்திருந்தனர். எறியப்படும் கலமுங்கூட எறியப்படாத காலமொன்று இருந்தது. 1990 இன் பின்னர் வடபகுதிக்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் உலர்மின்கலமும் இடம்பெற்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அக்காலத்தில் வானொலிச் செய்தி கேட்கத் துவிச்சக்கரவண்டியின் தைனமோவைச் சுழற்றினர். தீர்ந்துபோன கலங்களை வெயிலில் வைத்து, வெப்பத்தால் எஞ்சிய தாக்கத்தைத் தூண்டி, மேலும் சில நிமிடங்கள் பெற்றனர். அவ்வெப்பமே இன்றைய கலத்துக்கு முதற் பகையாக அமைந்தமை பின்னர் கூறப்படும்.

கையடக்கத் தொலைபேசி பேணப்படும் கலத்தின் மரபிலே பிறந்தது. 1973 ஏப்பிரல் 3 ஆம் நாள் மோட்டரோலா நிறுவனத்தின் மாட்டின் கூப்பர் நியூயோர்க் வீதியில் நின்று முதல் அழைப்பை எடுத்தார். பத்தாண்டுகளின் பின் அந்நிறுவனம் விற்பனைக்கு விட்ட கருவி ஏறத்தாழ முக்காற் கிலோவுக்கு மேல் எடையுடையது; 3,995 டொலர் விலையுடையது; அரைமணி நேரம் பேசுவதற்குப் பத்து மணி நேரம் மின்னேற்ற வேண்டியிருந்தது. அதனுள் இருந்தது நிக்கல்-கட்மியக் கலம். சுவீடனைச் சேர்ந்த வால்டெமார் யுங்னர் 1899 இல் ஆக்கிய அவ்வகைக் கலம் உறுதியானது. ஆனாற் பாதி இறங்கிய நிலையில் மீள மீள மின்னேற்றப்படின் அப்பாதியையே தன் முழு அளவெனக் கொண்டுவிடும் இயல்புடையது எனக் கூறப்பட்டது. செய்மதிகளில் ஒரே அளவாக ஏறி இறங்கிய கலங்களில் முதலில் அவதானிக்கப்பட்ட இவ்விளைவு, வீட்டுப் பாவனையில் அத்துணை பெரிதன்று. எனினும் 'முற்றாக இறங்கிய பின்னரே ஏற்றுக' என்னும் விதி கடைக்காரர் வாயிலும் கையேடுகளிலும் நிலைபெற்றது. அவ்விதி அக்கலத்துக்கு ஓரளவேனும் பொருந்தியது.

நிக்கல்-கட்மியக் கலம் வழக்கொழிந்தமைக்குச் சுற்றாடலும் ஒரு காரணம். யப்பானின் ஜின்சூ ஆற்றுப் படுகையில் கமியோக்கா சுரங்கத்தின் கழிவிலிருந்து கலந்த கட்மியம் நெல்வயல்களுக்குட் புகுந்து, என்புகளை நொருக்கும் 'இத்தாய்-இத்தாய்' நோயை விளைத்தது. 'வலி, வலி' என்பது அச்சொல்லின் பொருள். 1968 இல் யப்பானிய அரசு அதனைச் சுரங்கக் கழிவாலான நோயென ஏற்றுக்கொண்டது. அந்நஞ்சு மின்கலத்திலிருந்து வந்ததன்று. ஆயினும் கட்மியம் எத்தகையது என்பதை உலகம் அங்கேயே கற்றுக்கொண்டது. 2006 இல் ஐரோப்பிய ஒன்றியம் சிறு மின்கலங்களிற் கட்மியத்தைச் சில விலக்குகளுடன் தடைசெய்தது. அதற்குள் தொலைபேசி வேறு கலத்துக்கு மாறிவிட்டிருந்தது.

அவ்வேறு கலத்தின் தோற்றம் எண்ணெயோடு தொடர்புடையது. 1970 களில், எண்ணெய் நெருக்கடி சூழ்ந்த காலத்தில், எக்சன் என்னும் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வுகூடத்திலேயே ஸ்ரான்லி விற்றிங்காம் இலிதியக் கலமொன்றை அமைத்தார். தைத்தேனியச் சல்பைட்டும் இலிதிய உலோகமும் கொண்ட அது தீப்பற்றும் இயல்பினதாயிற்று. 1980 இல் ஒக்ஸ்போட்டில் ஜோன் குட்இனஃப் கோபாற்று ஒட்சைட்டை நேர்வாயாக அமைத்து மின்னழுத்தத்தை நான்கு வோல்ற்றுவரை உயர்த்தினார். 1985 இல் யப்பானில் அகிரா யோஷினோ இலிதிய உலோகத்தை விலக்கி எதிர்வாய்க்குக் காபனை இட்டார். 1991 இற் சோனி நிறுவனம் அதனைச் சந்தைக்குக் கொணர்ந்தது. இம்மூவரும் 2019 ஆம் ஆண்டின் நோபெற் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். குட்இனஃப் கோபாற்றைத் தெரிந்தமை வியப்புக்குரியது. அதற்கு இரு ஆண்டுகளின் முன்னர், 1978 மேயில், அன்று சாயர் எனப்பட்ட கொங்கோவின் சபா மாகாணத்திலுள்ள கொல்வேசி நகரைக் கிளர்ச்சியாளர் கைப்பற்றியபோது உலகச் சந்தையிற் கோபாற்றின் விலை பன்மடங்கு ஏறியிருந்தது. ஓரிடத்து மண்ணையே நம்பியிருப்பதன் இடரை உலோக வணிகம் அன்றே கண்டது. எனினும் இரசாயனத்தின் தேவை வணிகத்தின் அச்சத்தை வென்றது.

இலிதிய-அயன் கலம் முன்னைய கலங்களினின்றும் அடிப்படையில் வேறானது. அதன் இரு வாய்களும் அடுக்கடுக்கான பொருள்களாலானவை. இலிதிய அயன்கள் அவ்வடுக்குகளிடையே புகுந்தும் வெளியேறியும் ஊசலாடுகின்றன. கொள்கையளவில் எதுவும் அழிவதில்லை. நடைமுறையிலோ எதிர்வாயின் மேல் மெல்லிய படலமொன்று படிந்து, ஒவ்வொரு சுற்றிலும் சிறிது இலிதியத்தை விழுங்குகிறது. முழு மின்னேற்றத்தின் உயர்ந்த அழுத்தத்தில் மின்பகுபொருள் சிதைகிறது. வெப்பம் இவ்விரண்டையும் விரைவுபடுத்துகிறது. மின்கல இயலிற் பரவலாக எடுத்தாளப்படும் அட்டவணையொன்றின்படி, நாற்பது சதவீத மின்னேற்றத்துடன் 25 பாகை செல்சியசில் ஓராண்டு வைக்கப்பட்ட கலம் தன் கொள்ளளவில் 96 சதவீதத்தைக் காத்துக்கொள்ளும். முழு மின்னேற்றத்துடன் 40 பாகையில் வைக்கப்பட்டது 65 சதவீதத்தையே காக்கும். எவரும் தொடாமலே மூன்றிலொரு பங்கு அழிந்துவிடுகிறது. ஆகவே, இலிதியக் கலத்துக்குப் பேணல் என்பது இரு எல்லைகளையும் தவிர்த்தலே: முற்றாக இறக்காமை, நூறு சதவீதத்தில் நெடுநேரம் வைத்திராமை, வெயிலிலும் தலையணைக்கீழும் வையாமை.

இங்குதான் வரலாற்றின் விந்தையொன்று காணப்படுகிறது. கலத்தின் இரசாயனம் 1991 இல் மாறத் தொடங்கியது. கலத்தைப் பற்றிய மக்களின் அறிவு மாறவில்லை. நிக்கல்-கட்மியக் காலத்து விதி, அக்கலம் மறைந்து பல்லாண்டுகளின் பின்னும், இலிதியக் கலத்தின் மீது ஏற்றப்பட்டது. முற்றாக இறக்கி முற்றாக ஏற்றுவதே பேணல் என நம்பியோர், அந்நம்பிக்கையாலேயே தம் கலத்தின் ஆயுளைக் குறைத்தனர். இதற்கு அவர்களை மட்டும் குறைகூறல் தகாது. முன்னைய கலங்களின் தேய்வு கண்ணுக்குத் தெரிந்தது: நீர் குறைந்தது, வெண்பூச்சுப் படர்ந்தது, அமிலம் கசிந்தது. இலிதியக் கலத்தின் தேய்வோ ஒரு கறுப்புப் பெட்டிக்குள் நிகழ்கிறது. அதனை அளக்கும் கருவி தொலைபேசியினுள்ளேயே இருந்தும், அவ்வளவீட்டைப் பாவனையாளருக்குக் காட்டும் வழக்கம் நெடுங்காலம் இருக்கவில்லை.

மேலும், பேணல் அறிவு மட்டும் சார்ந்ததன்று, வசதியும் சார்ந்தது. இருபதுக்கும் எண்பதுக்கும் இடையிற் கலத்தை வைத்திருக்க வேண்டுமென்னும் அறிவுரை, எந்நேரமும் மின்சாரம் கிடைக்கும் நாடொன்றை மனத்திற் கொண்டது. 2022 மார்ச்சு இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டு நிகழ்ந்தபோது, மின்சாரம் வந்த வேளையில் நூறுவரை ஏற்றி, அடுத்த வேளைவரை பூச்சியத்தை நோக்கி இறக்குவதன்றி வேறு வழி இருக்கவில்லை. அதே ஆண்டில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்து இறக்குமதிப் பொருள் ஒவ்வொன்றும் விலையேறியது. கலத்தைப் பேணும் தேவை மிகுந்த காலமும் பேண இயலாத காலமும் ஒன்றாகவே வந்தன.

இனி, பேணுவதாற் சுற்றாடல் பெறுவது யாது? மின்சாரச் சிக்கனம் என்பது பலரும் கூறும் விடை. அவ்விடை வலுவற்றது. இன்றைய தொலைபேசியொன்றை நாடோறும் முழுமையாக ஏற்றினும் ஆண்டுக்கு ஆறேழு அலகு மின்சாரமே செலவாகும். குளிர்சாதனப் பெட்டி அதனைச் சில நாள்களிலேயே குடித்துவிடும். மின்னேற்றியைச் சுவரினின்றும் கழற்றிவைக்கும் அறிவுரையால் இவ்வுலகு காக்கப்படப் போவதில்லை. கலத்தினுள் இருக்கும் உலோகத்தைச் சேமித்தல் என்பது இரண்டாவது விடை. இது ஓரளவு மெய். ஆனால் ஒரு தொலைபேசிக் கலத்திற் கோபாற்று இருப்பது சில கிராம் மட்டுமே. 2021 இற் கோபாற்று நுகர்விற் தொலைபேசிகளை மின்வாகனங்கள் முந்திவிட்டன.

உண்மையான விடை மூன்றாவது. தொலைபேசியின் உறுப்புகளுள் மிகக் குறைந்த ஆயுளுடையது மின்கலம். திரையும், நுண்சில்லும், தாய்ப்பலகையும் பத்தாண்டு உழைக்கக்கூடியவை. கலமோ ஏறத்தாழ ஐந்நூறு சுற்றுகளில் எண்பது சதவீதமாகக் குறையுமாறே நெடுங்காலம் வடிவமைக்கப்பட்டது. கலம் சோர்ந்ததும் 'தொலைபேசி பழுது' என்றே பாவனையாளர் கருதுகின்றனர். அப்போது எறியப்படுவது ஐம்பது கிராம் கலம் மட்டுமன்று, அதனைச் சூழ்ந்த முழுக் கருவியுமே. தயாரிப்பாளர்களின் சுற்றாடல் அறிக்கைகளே காட்டுமாறு, ஒரு தொலைபேசி தன் வாழ்நாளில் விளைக்கும் காபனீரொட்சைட்டில் ஐந்தில் நான்கு பங்கு அளவில், அது வாங்குபவர் கைக்கு வருமுன்னரே, ஆக்கப்படும் நிலையில் வெளியாகிவிடுகிறது. எனவே பழைய கருவியை மேலும் ஓராண்டு வைத்திருப்பது, புதிய கருவியொன்றின் ஆக்கத்தை ஓராண்டு பிற்போடுவதாகும். ஐரோப்பியச் சுற்றாடற் பணியகம் என்னும் தன்னார்வ அமைப்புகளின் ஒன்றியம் 2019 இல் வெளியிட்ட கணிப்பின்படி, ஐரோப்பிய ஒன்றியத்திலுள்ள தொலைபேசிகளின் ஆயுள் ஓராண்டு நீடிக்கப்படின் 2030 அளவில் ஆண்டுதோறும் 21 இலட்சம் தொன் காபனீரொட்சைட்டுத் தவிர்க்கப்படும்; பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கார்களை வீதியினின்றும் அகற்றுவதற்கு அது ஈடாகும். 2022 இல் உலகில் உண்டான மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன் என்றும், அதிற் கால் பங்குக்கும் குறைவானதே முறையாகச் சேகரிக்கப்பட்டு மீள்சுழற்சிக்குட்பட்டது என்றும் ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் கணித்துள்ளமையும் இங்கு நோக்கத்தக்கது.

எனினும் கிராம்களைப் பெருக்கிப் பார்ப்பதும் தகும். உலகில் தோண்டப்படும் கோபாற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டது கொங்கோவினது. அதன் பெரும்பகுதி கொல்வேசியைச் சூழ்ந்த நிலத்தினது. பெல்சியரின் சுரங்கக் கம்பனியொன்று 1906 இல் அங்கு கால்வைத்தது செம்புக்காக. கோபாற்று அதனோடு வந்த துணைப்பொருளே. முன்னொரு காலத்திற் செருமானியச் சுரங்கத் தொழிலாளர், வெள்ளியெனத் தோண்டினால் நச்சுப்புகை தரும் அத்தாதுவைக் குறும்புப் பேயின் செயலெனக் கருதி அப்பேயின் பெயரையே அதற்கு இட்டனர். இன்று பெரும் சுரங்கங்களின் ஓரத்திலே, கையாற் குழிதோண்டித் தாது பொறுக்குவோருள் சிறுவரும் இருந்தமையை அனைத்துலக மன்னிப்புச் சபை 2016 இல் ஆவணப்படுத்தியது. சிலியின் அட்டகாமாப் பாலைநிலத்தில் நிலத்தடி உவர்நீர் இறைக்கப்பட்டு, பரந்த குளங்களில் மாதக்கணக்கிற் காயவிடப்பட்டு இலிதியம் பெறப்படுகிறது. மழையே அரிதான அந்நிலத்தின் தொல்குடியினர் தம் நீரின் பொருட்டு இச்சுரங்கங்களோடு நெடுங்காலமாக வழக்காடி வருகின்றனர். எதிர்வாயில் அமையும் காரீயமோ இலங்கைக்கு அந்நியமானதன்று. போகலவிலும் கஹட்டகஹவிலும் தோண்டப்பட்ட காரீயம் முதலாம் உலகப் போர்க்காலத்தில் ஆயுத உலோகங்களை உருக்கும் மூசைகளுக்காகக் கப்பலேறியது. போர் முடிந்ததும் சந்தை சரிந்தது. சுரங்கங்கள் பல மூடப்பட்டன. தொலைநாட்டுத் தேவையொன்றுக்காகத் தோண்டப்படும் நிலம் அத்தேவை மாறும்போது எந்நிலை எய்தும் என்பதை அட்டகாமாவுக்குச் செல்லாமலே இங்கு கற்கலாம்.

பாவனையாளரின் பேணலுக்கு ஓர் எல்லை உண்டு. எத்துணை கவனமாக வைத்திருப்பினும் கலம் ஒருநாட் சோரும். முற்காலத் தொலைபேசிகளில் முதுகுமூடியை நகத்தால் நெம்பி, சோர்ந்த கலத்தை எடுத்துப் புதியதை இடலாம். பயணத்துக்கு மாற்றுக்கலமொன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்தோரும் உளர். 2007 இல் வெளிவந்த ஐபோன் கலத்தை உள்ளே மூடிவைத்தது. மெலிந்த உடலும் நீர்புகா அமைப்பும் இதற்குக் காரணமாகக் கூறப்பட்டன, அவை பொய்யல்ல. ஆனாற் பிற நிறுவனங்களும் இவ்வழி சென்றதோடு, பிளான்ரேயின் காலந்தொட்டுப் பேணப்படும் மரபைச் சேர்ந்திருந்த கலம் பசையால் ஒட்டப்பட்டு, எறியப்படும் மரபுக்குள் அமைதியாக மாற்றப்பட்டது. மீள மின்னேற்றத்தக்க பொருளொன்று ஒருமுறைப் பாவனைப் பொருளின் இயல்பைப் பெற்றமை மின்கல வரலாற்றின் பெருந்திருப்பங்களுள் ஒன்று. அதற்கு நினைவுநாளெதுவும் இல்லை.

2017 டிசெம்பரில் அப்பிள் நிறுவனம், கலம் சோர்ந்த தொலைபேசிகளின் வேகத்தைத் தன் மென்பொருள் குறைத்து வந்ததை ஏற்றுக்கொண்டது. திடீரெனக் கருவி அணைவதைத் தடுக்கவே அவ்வாறு செய்ததாக அது விளக்கிற்று. தொழில்நுட்ப நோக்கில் அவ்விளக்கம் ஏற்கத்தக்கதே. அதனை உடைமையாளருக்கு முன்கூட்டிச் சொல்லாமையே குற்றமாயிற்று. கருவி தளர்ந்தது கலத்தாலென அறியாதோர் புதிய கருவியை வாங்கியிருப்பர். அந்நிறுவனம் கலமாற்றும் கட்டணத்தை 79 டொலரினின்றும் 29 டொலராகக் குறைத்தது. பிரான்சில் 2020 இல் 2 கோடி 50 இலட்சம் யூரோ தண்டம் செலுத்தியது. இந்நிகழ்வின் பின்னரே கலத்தின் உடல்நிலையைச் சதவீதமாகக் காட்டும் பக்கம் அதன் தொலைபேசிகளில் இடம்பெற்றது. 2019 இல், இரவில் எண்பது சதவீதத்தோடு ஏற்றத்தை நிறுத்தி, உரியவர் விழிக்கும் வேளையை அண்டி நிறைவுசெய்யும் முறையும் சேர்க்கப்பட்டது. உடைமையாளரின் கையிலிருந்து எடுக்கப்பட்ட பேணல் இவ்வாறு மென்பொருளின் கையிற் கொடுக்கப்பட்டது.

சட்டம் இவற்றின் பின்னரே வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் இரு ஒழுங்குவிதிகளை இயற்றியது. ஒன்றின்படி, 2025 யூன் 20 முதல் அங்கு சந்தைக்கு வரும் தொலைபேசியின் கலம் எண்ணூறு சுற்றுகளின் பின்னும் எண்பது சதவீதக் கொள்ளளவைக் காத்தல் வேண்டும். மற்றையது, சிறு கருவிகளின் கலத்தை உரியவரே கழற்றி மாற்றக்கூடியதாக 2027 பெப்ரவரி 18 முதல் அமைக்க வேண்டுமென விதித்தது. ஐந்நூறு சுற்றுகளுக்கு 83 சதவீதமும் ஆயிரம் சுற்றுகளுக்கு எண்பது சதவீதமும் காத்து, நீர்புகாமலும் இருக்குமாயின், தொலைபேசியின் கலத்தை உரியவரன்றித் தொழில்வல்லோரே மாற்றுமாறு அமைக்கவும் முதலாவது விதியில் இடமுண்டு. நெடிது வாழும் கலமா, திறக்கத்தக்க மூடியா என்பதை இவ்விலக்கு உரியவரின் விருப்புக்கு விடவில்லை. தயாரிப்பாளரின் தெரிவுக்கே விட்டுள்ளது.